வெளி நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுப்பது எப்படி: ஒரு கந்தோர் வலையமைப்பு ஆளின் குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் ஓர் அரச கந்தோரின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் தரவுத்தளம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, பொது இணையத்தில் இல்லை. ஆனால் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கவும் அதற்குள் கொஞ்சம் போடவும் வெளியில் பல பேருக்குத் தேவை இருக்கிறது. கட்டணம் வாங்கும் கூட்டுறவுச் சங்கம், பரிசோதனை முடிவு அனுப்பும் தனியார் ஆய்வுகூடம், மென்பொருளைப் பராமரிக்கும் கொழும்புக் கம்பனி என்று பட்டியல் நீளும். இவர்களை எப்படி உள்ளே எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்று பிரதேச சபைகளிலும் திணைக்களங்களிலும் புதிதாகச் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் அடிக்கடி போன் எடுப்பார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைக்கிறேன்.

வரும் கடிதம் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: "தங்கள் வலையமைப்புடன் எமது நிறுவனத்தை இணைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதற்கு ஆம் என்றும் சொல்ல ஏலாது, இல்லை என்றும் சொல்ல ஏலாது. கேட்டவருக்கு என்ன வேண்டும் என்பது கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஆகவே முதல் வேலை, ஒரு பக்கப் படிவத்தை அனுப்புவது. அதில் இவ்வளவும் கேளுங்கள்: எந்தத் தகவல்? அது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? நாளுக்கு ஒருமுறையா, நிமிடத்துக்கு ஒருமுறையா? அவர்கள் பக்கத்தில் எந்த மெஷின், எங்கள் பக்கத்தில் எந்த மெஷின், எந்த போர்ட் (மெஷினில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் இலக்கம்)? எந்தத் திகதி வரைக்கும்? பிழைத்தால் இரவில் யாருக்குப் போன் எடுப்பது?

கடைசிக் கேள்விக்கு முன்னால் உள்ளதைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுவார்கள். "நிரந்தரம்" என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். நிரந்தரம் என்று ஒரு திகதி கிடையாது. ஒப்பந்தம் முடியும் நாளைப் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால் ஒரு வருடம் போடச் சொல்லுங்கள், வேண்டுமானால் புதுப்பிக்கலாம்.

படிவம் நிரம்பி வந்ததும் பாருங்கள், பாதிப் பேருக்கு வலையமைப்பு இணைப்பே தேவைப்படாது. மாதம் ஒருமுறை ஒரு பட்டியல் அனுப்புகிறவருக்கு எஸ்எஃப்டிபி, அதாவது குறியாக்கத்தோடு கோப்பு அனுப்பும் முறையில், கணக்கு ஒன்று போதும். அவர் தன் கோப்பைக் கொண்டுவந்து போடுவார், நாங்கள் எடுத்துக்கொள்வோம், இன்னொருவருடைய கோப்பு அவர் கண்ணில் படாது. "இந்த இலக்கத்துக்குப் பாக்கி இருக்கிறதா" என்று மட்டும் கேட்கிறவருக்கு 443 போர்ட்டில் ஓர் ஏபிஐ (மென்பொருள் கேட்க மென்பொருள் பதில் சொல்லும் வழி) கொடுத்து, இரண்டு பக்கமும் சான்றிதழ் (மெஷினின் டிஜிட்டல் அடையாள அட்டை) காட்ட வேண்டும் என்று வைத்தால் சரி. ஒரே ஓர் ஆள் எப்போதாவது உள்ளே வர வேண்டுமென்றால் அவர் பெயரில் ஒரு விபிஎன் (இணையத்தினூடாகப் பாதுகாப்பாக உள்ளே வரும் வழி) கணக்கு. நாள் முழுக்க இரண்டு மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிலை வந்தால்தான் இரண்டு இடங்களுக்கும் நடுவே நிரந்தர ஐபிசெக் டனல், அதாவது இணையத்தினூடே போகும் குறியாக்கப்பட்ட குழாய். இந்த வரிசையில் மேலிருந்து தொடங்குங்கள். கீழே இறங்கும் ஒவ்வொரு படிக்கும் காரணத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

கடதாசி வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் சார்பில் வேறொருவர் தரவைக் கையாண்டால் அவரை எழுத்து ஒப்பந்தத்தால் கட்ட வேண்டும் என்கிறது. எனவே கோவையில் ஒப்பந்தப் பிரதி, நிறுவனத் தலைவரின் அங்கீகாரம், இரு பக்கத் தொடர்பாளர்களின் பெயர்கள் மூன்றும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் போடுங்கள்: எங்கள் இணைப்பைப் பாவிக்கும் ஆள் வேலையை விட்டால் ஒரு வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். எங்கள் ஊரில் இது சும்மா ஒரு வரி இல்லை. போன மாதம் டனல் பற்றிக் கதைத்த பெடியன் இந்த மாதம் கனடாவில் இருப்பான், அவனுடைய பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

மேலிடத்திலிருந்து "அவங்களுக்குக் கெதியா குடுத்து விடுங்கோ" என்று போன் வரும். வரட்டும். "சேர், படிவம் வந்தால் அன்றைக்கே தொடங்குறன்" என்று சொல்லுங்கள். படிவம் வராத குற்றம் பிறகு உங்கள் தலையில் இல்லை.

எங்கே இறக்குவது

2013ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விபரம் களவு போனது. களவெடுத்தவர்கள் முதலில் நுழைந்தது, கடைகளின் குளிரூட்டி வேலை செய்யும் ஒரு சிறிய ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த கணக்கின் வழியாக. குளிரூட்டிக்காரருக்கும் அட்டை மெஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி இருந்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து வீட்டில் படலையைத் திறந்து வருகிறவரை விறாந்தையில் இருத்தித்தான் கதைப்போம், நேரே அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம். வெளி நிறுவனத்தின் டனலும் அப்படித்தான் முடிய வேண்டும்: ஃபயர்வோலில் (எது போகலாம், எது போகக் கூடாது என்று வடிகட்டும் பெட்டி) அதற்கென்று தனி வலயம். அந்த வலயத்தில் ஓர் இடைச் சேர்வர். வெளியார் பேசுவது அதனோடு மட்டும். தரவுத்தளத்தோடு பேசுவது அந்த இடைச் சேர்வர் மட்டும், அதுவும் தேவையான அட்டவணைகளை மட்டும் பார்க்கக்கூடிய ஒரு கணக்கோடு. தரவுத்தள போர்ட்டை நேரடியாக வெளியாருக்குத் திறக்கச் சொல்லி எந்தக் கம்பனி கேட்டாலும், அவர்களுடைய மென்பொருள் அப்படித்தான் வேலை செய்யும் என்றாலும், மறுத்துவிடுங்கள். மென்பொருளை மாற்றலாம்.

இரண்டு கூட்டாளிகள் ஒரே வலயத்தில் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி பூட்டுங்கள். ஆய்வுகூடத்துக்கு வந்த வைரஸ் எங்கள் ஃபயர்வோல் வழியாகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

உங்கள் கந்தோர் எல்ஜிஎன் எனப்படும் லங்கா அரச வலையமைப்பில் இணைந்திருந்தால் இன்னுமொரு பூட்டும் தேவை. அந்தப் பக்கம் இருப்பவை மற்றத் திணைக்களங்கள். வெளியாருடைய வலயத்திலிருந்து அந்த இணைப்புக்கு ஒரு பக்கெட்கூட (தரவு பயணிக்கும் சிறு பொதி) போகக் கூடாது என்று தடை விதி ஒன்றை வெளிப்படையாக எழுதி, அதற்கு வருகிற முயற்சிகள் பதிவாகும்படி வையுங்கள்.

192.168.1 என்ற தலையிடி

உலகத்தில் விற்கும் மலிவு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற முகவரி வரிசையோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. ஆய்வுகூடத்தில் அதுதான், கூட்டுறவுச் சங்கத்தில் அதுதான், பல அரச கந்தோர்களிலும் பழைய காலத்திலிருந்து அதுதான். தனியார் பாவனைக்கென்று மூன்று வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள இலக்கம் சிறிதானால் வரிசை பெரிது). முதலாவதில் மட்டும் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேல் முகவரிகள் கிடக்கின்றன. ஆனால் எல்லோரும் போய் நிற்பது அந்த ஒரு மூலையில்.

இரண்டு பக்கமும் 192.168.1.0/24 என்றால் டனல் எழும்பும், ஆனால் பக்கெட் போகாது. 192.168.1.20 என்பதைத் தன் பக்கத்து மெஷின் என்றே எங்கள் சேர்வர் நினைக்கும், ரவுட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. "உங்கள் முகவரியை மாற்றுங்கள்" என்று கூட்டாளியிடம் சொல்வதில் பயனில்லை. அவரிடம் இருக்கும் பிரிண்டர், கமரா, கைரேகை மெஷின் எல்லாவற்றிலும் அது கையால் எழுதி வைத்த முகவரி.

நான் செய்வது இது. கூட்டாளிகளுக்கென்று பாவிக்காத ஒரு பெரிய வரிசையை முதலே ஒதுக்கிவிடுவேன், உதாரணமாக 10.200.0.0/16. அதை /28 துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 16 முகவரி, மொத்தம் 4,096 துண்டு. எங்கள் ஆயுளுக்குக் காணும். ஒரு கூட்டாளிக்கு ஒரு துண்டு. அவர் தன் உள் முகவரியை எதுவாகவும் வைத்துக்கொள்ளட்டும், டனலுக்குள் நுழையுமுன் அவருடைய ரவுட்டர் அதை நான் கொடுத்த முகவரியாக மாற்ற வேண்டும். எங்கள் இடைச் சேர்வரையும் அவருக்கு அதன் உண்மை முகவரியில் காட்டுவதில்லை, இன்னொரு துண்டிலிருந்து ஒரு முகவரியில்தான் காட்டுகிறோம். இதனால் இரண்டு நன்மை. முகவரிச் சண்டை இல்லை. அத்தோடு பதிவுகளைப் பார்க்கும்போது முகவரியை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

எந்தத் துண்டு யாருக்கு என்பதை ஓர் அட்டவணையில் எழுதி, அதன் அச்சுப் பிரதியைக் கோவையிலும் போடுங்கள். சேர்வர் விழுந்த நாளில்தான் அந்த அட்டவணை தேவைப்படும், அது சேர்வருக்குள் இருந்தால் என்ன பிரயோசனம்?

டனல் தாள்

இரண்டு பக்கத்தாரும் ஒரே தாளில் கையெழுத்து வைத்த பிறகே ரவுட்டரில் கை வையுங்கள். தாளில் இருக்க வேண்டியவை: இரு பக்கத்துப் பொது ஐபி முகவரி, ஐகேஈ (இரு பக்கமும் சாவி பேசி முடிக்கும் முறை) பதிப்பு, குறியாக்கம், ஹாஷ் (தரவு மாறவில்லை என்று சரிபார்ப்பது), டிஎச் குழு (சாவி உருவாக்கும் கணக்கின் வலிமை), ஆயுட்காலம் (சாவியை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது), பிஎஃப்எஸ் (ஒவ்வொரு தடவையும் முற்றிலும் புதிய சாவி உருவாக்குவது) உண்டா இல்லையா, இரு பக்கத்திலும் அனுமதிக்கப்படும் முகவரி வரிசைகள்.

இப்போதைக்கு நான் கேட்பது ஐகேஈ இரண்டாம் பதிப்பு, ஏஈஎஸ்-256 குறியாக்கம், எஸ்எச்ஏ-256 ஹாஷ், டிஎச் குழு 14 அல்லது 19. ஐகேஈ முதலாம் பதிப்பை 2023இல் அதிகாரபூர்வமாகவே ஓய்வுபெற வைத்துவிட்டார்கள். 3டெஸ், எம்டி5, டிஎச் குழு 2 என்று பலவீனமாகிப்போன பழைய முறைகளை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பழைய தாளைப் பிரதி எடுத்திருப்பார்கள், அவர்களுடைய ரவுட்டருக்கு நல்லது தெரியும். உண்மையிலேயே தெரியாத பழைய பெட்டி என்றால் புதுப் பெட்டி வாங்கட்டும்.

தாளில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவை கடைசி இரண்டும். முகவரி வரிசை ஒரு பக்கம் /28, மறுபக்கம் /24 என்று இருந்தால் ரவுட்டர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் முதல் கட்டம் எழும்பும், தரவு போகும் வழியைப் பேசும் இரண்டாம் கட்டத்தில் பல ரவுட்டர்கள் முரண்டு பிடிக்கும். இதைக் கண்டுபிடிப்பது லேசு. பிஎஃப்எஸ் ஒத்துவராதது வேறு சாதி. ஐகேஈ இரண்டாம் பதிப்பில் முதல் தடவை டனல் எழும்பும்போது அந்த அமைப்பைச் சரிபார்ப்பதே இல்லை. அடுத்த தடவை சாவி புதுப்பிக்கும்போதுதான் பார்க்கும். ஆகவே காலையில் டனல் பச்சை, எல்லோரும் கைகுலுக்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். ஆயுட்காலம் 3,600 செக்கன் என்று வைத்திருந்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் விழும். பிறகு தானாக எழும்பும், மறுபடி விழும். "லைன் சரியில்லை" என்று இணையக் கம்பனிக்கு முறைப்பாடு போகும். லைனில் ஒன்றும் இருக்காது. மணிக்கணக்காக, ஒழுங்கான இடைவெளியில் விழுகிற டனலைப் பார்த்தால் முதலில் பிஎஃப்எஸ் வரியைப் பாருங்கள்.

சாவி விஷயம். இயன்றால் சான்றிதழ் பாவியுங்கள். இரு பக்கமும் முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளும் இரகசியச் சாவிதான் என்றால் குறைந்தது முப்பது எழுத்து, மெஷின் உருவாக்கியதாக இருக்கட்டும், கந்தோரின் பெயரும் வருடமும் சேர்ந்ததாக வேண்டாம். அதை வட்ஸ்அப் குழுவில் போட விடாதீர்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று போட்டவருக்கே தெரியாது. நான் பாதியை மெயிலிலும் மீதியைப் போனில் வாயாலும் சொல்வேன், எழுதுகிறவர் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். அலுப்பான வேலைதான்.

விதிகள்

டனல் எழும்பினாலும் ஃபயர்வோல் எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதன் மேல் படிவத்தில் எழுதியதை மட்டும் திறவுங்கள்: இந்த முகவரியிலிருந்து, அந்த முகவரிக்கு, இந்த போர்ட். விதியின் விளக்கப் பெட்டியில் கோவை இலக்கமும் முடிவுத் திகதியும் எழுதுங்கள். வருடங்கள் கழித்து உங்களுடைய கதிரையில் இருக்கப்போகிறவர் அதை வைத்துத்தான் அந்த விதியைத் தொடலாமா என்று முடிவெடுப்பார்.

மறுபக்கத்தில் இருக்கிறவர் சோதனையின்போது கட்டாயம் இப்படிச் சொல்வார்: "அக்கா, இப்ப எல்லாத்தையும் திறந்து விடுங்கோ, வேலை செய்த பிறகு ஒவ்வொண்டா மூடுவம்."

"திறக்கிறது லேசு தம்பி. பிறகு பூட்டுறது ஆர்?"

ஆரும் பூட்ட மாட்டார்கள். வேலை செய்கிற ஒன்றில் கை வைக்க எவருக்கும் பயம். அதற்குப் பதிலாகத் தடுக்கும் விதியின் பதிவைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டு அவரை முயற்சி பண்ணச் சொல்லுங்கள். எந்த போர்ட்டில் தட்டுகிறார் என்பது அதிலேயே தெரியும். அது படிவத்தில் இருந்தால் திறவுங்கள். இல்லையென்றால் ஏன் தட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். அவருக்கே தெரியாத ஒன்று தட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

சோதனை நாள்

பிங் (மறுபக்க மெஷின் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) போனால் இணைப்பு சரி என்று நினைப்பதுதான் எங்கள் தொழிலின் பெரிய மூடநம்பிக்கை. சாதாரணப் பிங் மிகச் சிறிய பக்கெட். வழமையான முறைப்பாடு இப்படி வரும்: பிங் போகிறது, உள்நுழையும் பக்கம் திறக்கிறது, பெயரும் பாஸ்வேர்டும் எடுக்கிறது, ஆனால் அறிக்கையின் பிடிஎஃப்பைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஈதர்நெட்டில் ஒரு பக்கெட்டின் உச்ச அளவு 1,500 பைட். சில வீட்டு இணைய இணைப்புகளில் அது 1,492. ஐபிசெக் தன் உறையைச் சுற்றும்போது இன்னும் ஐம்பது முதல் எண்பது பைட் வரை போய்விடும். பெரிய பக்கெட் அதற்குள் அடங்காது. "சிறிதாக்கி அனுப்பு" என்று நடுவிலுள்ள ரவுட்டர் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை, பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ ஒருவர் தன் ஃபயர்வோலில் தடுத்து வைத்திருப்பார். ஆகவே சின்னது போகும், பெரியது சத்தமில்லாமல் விழும்.

பார்க்கும் முறை: துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்புங்கள். 1,472 பைட்டில் தொடங்குங்கள், தலைப்பு 28 சேர்ந்தால் 1,500 ஆகும். டனலூடாக அது போகாது. பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். போகத் தொடங்கும் இடத்தில் 28ஐக் கூட்டினால் அந்த டனலின் உண்மையான அளவு. அதிலிருந்து 40 கழித்தால் டிசிபிக்கு வைக்க வேண்டிய எம்எஸ்எஸ், அதாவது ஒரு பக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு. நான் மினக்கெடாமல் எல்லா டனலுக்கும் 1,350 என்று ரவுட்டரில் போட்டுவிடுவேன். கொஞ்சம் வேகம் குறையும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்புறம் தரவைச் சோதியுங்கள். இது வலையமைப்பு ஆளின் வேலை இல்லை என்று சொல்வார்கள். ஆனால் கடைசியில் குற்றம் "நெட்வேர்க்"கின் மேல்தான் விழும். "டெஸ்ட்" என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயரை அனுப்பிப் பார்த்துவிட்டு முடிக்காதீர்கள். "யாழ்ப்பாணம்" என்று அனுப்புங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட் கணக்கில் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பதினொன்று. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 33. கூட்டாளியின் மென்பொருளில் அந்த இடத்துக்கு 30 பைட் ஒதுக்கியிருந்தால் கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து "யாழ்ப்பாணம" என்று போய் நிற்கும். பிழைச் செய்தி வராது. பிறகு பெயர் ஒத்துப் பார்க்கும் இடத்தில் அந்த ஆள் கணினியில் இல்லாத ஆளாகிவிடுவார். இதோடு, பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியல்கள் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கின்றன. அவை எங்கள் பக்கம் வந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் இரண்டு விதமாக அனுப்பிப் பாருங்கள்: பழைய ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் உள்ளது, 2016இலிருந்து வழங்கும் பன்னிரண்டு இலக்கம்.

கரண்டும் இடியும்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு இலங்கையும் இருண்டது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்தால் அது சின்ன விஷயம். கரண்ட் போவதைவிடக் கரண்ட் வருவதுதான் டனலுக்குச் சோதனை. பல சிறிய ரவுட்டர்களுக்குள் மணிக்கூட்டுக்கு பற்றரி கிடையாது. மறுபடி எழும்பும்போது ஏதோ ஒரு பழைய வருடத்தில் எழும்பும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லி டனலை மறுக்கும். நேரத்தைச் சரியாக்கும் என்டிபி சேர்வர் டனலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் கதை முடிந்தது. நேரம் இல்லாமல் டனல் எழும்பாது, டனல் இல்லாமல் நேரம் வராது. டனல் இல்லாமலே எட்டக்கூடிய ஒரு நேரச் சேர்வரை இரண்டு பக்கமும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கத்துப் பதிவுகளும் ஒரே நேரக் கணக்கில் இருக்க வேண்டும். ஒருவர் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) மற்றவர் ஐந்தரை மணி கூட்டியும் வைத்துக்கொண்டு நள்ளிரவுப் பிழையைத் தேடினால் ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள்.

ஐப்பசி இடிமழைக்கு எங்கள் பக்கத்தில் வருடா வருடம் ஏதாவது பெட்டி எரியும். ஃபைபர் மின்னலைக் கடத்தாது, ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து மற்றக் கட்டடத்துக்குக் கூரையால் இழுத்த செப்புக் கேபிள் நன்றாகக் கடத்தும். கூட்டாளி இடத்தைப் போய்ப் பார்க்கும்போது ரவுட்டரை மட்டும் பார்க்காமல் அதற்கு வரும் கேபிள் எந்த வழியால் வருகிறது என்றும் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடச் சொல்லுங்கள். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இரண்டுமே யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று செருகியைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் இருப்பது வழமை.

மாற்று இணைப்பாக 4ஜி வைக்கும் இடங்களிலும், தீவுப் பக்கத்தில் 4ஜியே ஒரே இணைப்பாக இருக்கும் இடங்களிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 4ஜி ரவுட்டருக்குக் கிடைக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது பொது முகவரி இல்லை. பல பேர் ஒரே பொது முகவரியைப் பங்கு போடுகிறார்கள். வெளியிலிருந்து அந்த ரவுட்டரைக் கூப்பிட முடியாது. அப்படியானால் டனலைத் தொடங்குவது எப்போதும் அந்தப் பக்கமாக இருக்கட்டும், டனல் பாவிக்கும் யுடிபி போர்ட்கள் 500உம் 4500உம் வெளியே போகட்டும், ஆளை அடையாளம் காண ஐபியை நம்பாமல் சான்றிதழை நம்புங்கள்.

உள்ளே வரும் மனிதர்கள்

மென்பொருள் கம்பனிக்காரர்கள் தனி ரகம். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் உள்ளே வர வேண்டும், எப்போதும் வர வேண்டும், சேர்வரில் ஒரு தூரக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும் என்பார்கள். அதை அகற்றுங்கள். டனலும் ஃபயர்வோலும் விதியும் வைத்துவிட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்றை ஓடவிட்டால், இதுவரை செய்ததற்கு ஒரு பயனும் இல்லை.

அவர்களுக்கு: ஆளுக்கொரு கணக்கு, போனில் வரும் இரண்டாம் உறுதிப்படுத்தல், ஓர் இடைக் கணினி வரைக்கும் மட்டும் விபிஎன். அந்தக் கணினியில் செய்வதெல்லாம் திரைப் பதிவாகும். கணக்கு வழமையில் பூட்டியே இருக்கும். வேலை இருக்கிறது என்று மெயில் போட்டால் அந்த மணித்தியாலங்களுக்குத் திறப்போம், தானாகப் பூட்டிக்கொள்ளும். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆனால் பொதுக் கணக்கு ஒன்றை ஐந்து பேர் பாவித்தால் நுழைந்தது யார் என்று எந்த நீதிமன்றத்திலும் காட்ட ஏலாது.

பார்த்துக்கொண்டிருப்பது

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச முகிலில் (அரசின் கிளவுட் சேவை) ஒரு கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, அரச மெயில் கணக்குகளில் மே 17 முதல் அன்று வரையான மெயில்கள் அழிந்துபோயின. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மெயில் சேர்வர் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. எங்கள் கோவைகளில் அந்த மாதங்களின் மெயில்கள் அச்சில் இருப்பவை மட்டும்தான் என்று புலம்பிய உத்தியோகத்தர்கள் பலர். வெளியாரோடு இணைந்திருக்கும் இடைச் சேர்வரின் காப்புப் பிரதி ஒன்றாவது கேபிள் கழற்றிய நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

டனல் விழுந்தால் அறிவிப்பு வருவது போல, டனலில் வழமைக்கு மாறாகக் கூடுதலாகத் தரவு போனாலும் அறிவிப்பு வர வையுங்கள். பின்னது பல இடங்களில் இல்லை. நாளுக்குச் சில மெகாபைட் அனுப்பும் ஆய்வுகூடம் இரவு இரண்டு மணிக்குப் பல கிகாபைட் இழுத்தால் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விதிகளைத் திறந்து, எந்த விதியில் ஒரு பக்கெட்கூடப் போகவில்லை என்று பாருங்கள். அவை செத்த விதிகள். கேட்டுவிட்டு எடுங்கள்.

கழற்றுவது

முடிவுத் திகதி வந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே கூட்டாளிக்குக் கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் அன்றைக்கு விதியை நிறுத்துங்கள், அழிக்காதீர்கள். ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள். தேவை இருக்கிறவர் சத்தம் போடுவார். சத்தம் இல்லையென்றால் டனல், சாவி, முகவரி மாற்றும் வரி, ரூட், டிஎன்எஸ் பெயர், கண்காணிப்புப் பட்டியல் எல்லாவற்றையும் எடுங்கள். சான்றிதழை இரத்துச் செய்யுங்கள், சும்மா காலாவதியாக விடாதீர்கள். இடைச் சேர்வரில் அவர்களுடைய தரவுத்தளக் கணக்கை மறந்துவிடுவார்கள், அதையும் பாருங்கள். எங்கள் தரவில் தங்களிடம் இருந்ததை அழித்துவிட்டோம் என்று அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கோவையில் போடுங்கள்.

அவர்களுக்குக் கொடுத்திருந்த 16 முகவரிகளை உடனே வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். அட்டவணையில் "ஓய்வு" என்று எழுதி ஒரு வருடம் சும்மா வையுங்கள். உள்ளே ஏதோ ஒரு சேர்வரின் சொந்த ஃபயர்வோலில் அந்த முகவரிக்கு யாராவது அனுமதி எழுதி வைத்திருந்தால், புதிதாக வருகிறவருக்கு அது கேட்காமலே கிடைத்துவிடும்.